வன்னி வழிகளுக்கு வாகனத்தோடு ஒரு கொம்பிரசர்: தெரிவும் பொருத்தலும்

மாங்குளச் சந்தியில் கண்டி வீதியை விட்டு ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பி, முல்லைத்தீவுக் கடற்கரையை அடைந்து, அங்கிருந்து தெற்கே நாயாற்றுக்குப் போகின்ற வாகனம் ஒரே நாளில் தார், கிரவல், குளக்கட்டின் கீழ்ச் சுரி, கடல் மணல் என்று நான்கு வகை நிலங்களைக் காண்கின்றது. தார் வீதியில் 32 முதல் 35 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்த அளவு) வரை காற்றோடு ஓடுகின்ற, பின்னால் திறந்த பெட்டியுள்ள ஒரு கப் ரக வாகனம், கல்லெழும்பிய கிரவலில் 26 அளவுக்கு இறக்கப்பட்டால் உதறல் குறைந்து ஓடும். சேற்றில் 20, தளர்ந்த மணலில் 16 முதல் 18 என்று இறக்கினால்தான் ரயர் நீளவாக்கில் படிந்து, நிலத்தைத் தோண்டாமல் அதன் மேலே ஏறிப் போகும். காற்றை இறக்குவதற்கு ஒரு தீக்குச்சி போதும். இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்ற வழியில்லாமல், அரைக் காற்றோடு முள்ளியவளை வரை தார் வீதியில் வேகமாக ஓடி வந்ததால் பக்கச்சுவர் சூடேறிப் பிளந்த ரயர்களையே ரயர் கடை வாசல்களில் காண்கின்றோம். ஆகவே வாகனத்தில் நிலையாகப் பொருத்தப்பட்ட, ரயருக்குக் காற்றடிக்கும் இயந்திரமான கொம்பிரசர் ஓர் ஆடம்பரம் அன்று. காற்றை இறக்கத் துணிகின்றவர் அதற்கு முன்னரே செய்து முடித்திருக்க வேண்டிய வேலை அது.

இந்த வேலையில் பலரும் இயந்திரத்தைத் தெரிவு செய்வதில் ஒரு மாதத்தைச் செலவிட்டு, வயரையும் ஹோசையும் கடைசி நாளில் கையில் அகப்பட்டதைக் கொண்டு முடித்துவிடுகின்றனர். நான் கண்ட வரையில் கொம்பிரசர்கள் பழுதாவதற்குக் காரணம் அவற்றின் வயதன்று. மெல்லிய வயர், போக வழியில்லாத சூடு, புழுதி, தண்ணீர் ஆகிய நான்குமே. எனவே கீழே இயந்திரத்தைப் பற்றிச் சொல்வதைக் காட்டிலும் அது இருக்கும் இடத்தையும் அதனோடு சேர்ந்தவற்றையும் பற்றி அதிகம் சொல்லியிருக்கிறேன்.

எத்தனை லீற்றர் வேண்டும்

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் லீற்றர் கணக்கை மட்டும் பார்த்துக் கொம்பிரசர் வாங்குவது, மூட்டையின் நிறத்தைப் பார்த்து விதைநெல் வாங்குவதற்கு ஒப்பானது. அந்தக் கணக்கு பெரும்பாலும் எதிரே எந்த அழுத்தமும் இல்லாத வெறுங்காற்றில் எடுத்தது. ரயருக்குள் 30 பி.எஸ்.ஐ. எதிர்த்து நிற்கும்போது அதே இயந்திரம் தருகின்ற காற்று கணிசமாகக் குறைந்துவிடும். ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனம் தனது இரட்டை மோட்டார்க் கொம்பிரசருக்கு, அழுத்தமில்லாதபோது நிமிடத்துக்கு 174 லீற்றர் என்றும், 29 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஏறத்தாழ 132 லீற்றர் என்றும் இரண்டு எண்களைத் தருகின்றது. நல்ல இயந்திரத்திலேயே காற்பங்கு அளவு குறைகின்றது என்றால் பெயர் தெரியாத இயந்திரத்தில் எவ்வளவு குறையும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இரண்டாவது எண்ணைத் தராத தயாரிப்பை நான் வாங்குவதில்லை.

நமக்கு எவ்வளவு காற்றுத் தேவை என்பதை வீட்டு முற்றத்திலிருந்தே கணக்கிடலாம். கப் ரக வாகனங்களில் பரவலாகக் காணப்படும் 265/70 ஆர் 16 அளவுள்ள ரயரின் உள்ளே ஏறத்தாழ 70 லீற்றர் இடம் இருக்கின்றது. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. என்பதால், 18 இலிருந்து 32 க்கு ஏற்றுவது, அதாவது 14 பி.எஸ்.ஐ. கூட்டுவது, ரயர் ஒன்றுக்கு ஏறத்தாழ 67 லீற்றர் வெளிக்காற்றை உள்ளே தள்ளுவதற்குச் சமம். நான்கு ரயர்களுக்கும் 270 லீற்றர் அளவு. உண்மையில் நிமிடத்துக்கு 30 லீற்றர் தருகின்ற இயந்திரம் இதற்கு 9 நிமிடம் எடுக்கும். 70 லீற்றர் தருவது 4 நிமிடத்தில் முடிக்கும். ஹோசை ஒரு சில்லிலிருந்து மற்றதற்கு மாற்றுகின்ற நேரம் வேறு.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், கையிலிருக்கும் கொம்பிரசரின் உண்மையான தரத்தை அறியலாம். ஒரு ரயரை 18 க்கு இறக்கி, எஞ்சினை ஓடவிட்டு, 32 வரும் வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். 67 ஐ நிமிடக் கணக்கால் வகுத்தால் வருவதுதான் அந்த இயந்திரம் உங்கள் வாகனத்தில் தருகின்ற காற்று. இரண்டு நிமிடமும் பத்து வினாடியும் எடுத்தால் அது 31 லீற்றர் இயந்திரம். பெட்டியில் 72 என்று இருந்தாலும் அவ்வளவுதான்.

வேகம் ஏன் வேண்டும் என்று கேட்பவர்கள் நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் காட்டு வீதியில் மைம்மல் பொழுதில் வாகனத்தை நிறுத்திப் பார்த்ததில்லை போலும். யானை வீதியைக் கடக்கின்ற நேரம் அது. இரைகின்ற இயந்திரத்தோடு ஒவ்வொரு சில்லாகக் குந்தியிருக்கும்போது 4 நிமிடத்துக்கும் 15 நிமிடத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: காற்று இறக்கவோ ஏற்றவோ நிறுத்தும்போது வாகனத்தைச் சுற்றி நான்கு பக்கமும் நடக்க வேண்டியிருக்கும். முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் கண்ணிவெடி அபாயப் பலகை நாட்டிய இடங்களுக்கு அருகில் வீதி ஓரத்துப் பற்றைக்குள் வாகனத்தை ஒதுக்காமல், சனம் புழங்குகின்ற வெளியான இடம் வரும் வரை மெதுவாக ஓட்டிச் சென்று நிறுத்துங்கள்.

லீற்றருக்கு அடுத்ததாகப் பார்க்க வேண்டியது, இயந்திரம் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடலாம் என்ற வரையறை. இது விழுக்காடாகத் தரப்படும். 33 விழுக்காடு என்றால், 30 நிமிடத்தில் 10 நிமிடம் ஓடி 20 நிமிடம் ஆற வேண்டும் என்பது பொருள். இந்த விழுக்காடு 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்திலும் 22 பாகை செல்சியஸ் சூழலிலும் எடுக்கப்பட்டதா என்பதைக் கவனித்துப் படியுங்கள். ரயருக்கு 35 பி.எஸ்.ஐ. போதும் என்பதால் அந்த வகையில் நமக்குச் சலுகை உண்டு. ஆனால் சிறுபோகக் காலத்து நண்பகலில் பொனற்றுக்குள் நிலவுகின்ற சூடு அந்தச் சலுகையைத் திரும்ப வாங்கிவிடும். உள்ளே சூடு மிஞ்சினால் தானே நின்று, ஆறியபின் மீண்டும் ஓடுகின்ற வெப்பச் சுவிச் உள்ள இயந்திரமே நமது ஊருக்கு ஏற்றது.

எஞ்சின் பெல்ட்டால் ஓடும் கொம்பிரசரைப் பற்றியும் கேட்கின்றனர். பழைய ஏசிக் கொம்பிரசரை இதற்காக மாற்றி அமைப்பவர்கள் உண்டு. அது தருகின்ற காற்றுக்கு மின் கொம்பிரசர் ஈடாகாது. ஆனால் தனக்கென எண்ணெய்த் தொட்டி உள்ள யோர்க் வகையைத் தவிர, இன்று கிடைக்கும் ஏசிக் கொம்பிரசர்கள் ஏசி வாயுவோடு கலந்து வருகின்ற எண்ணெயிலேயே உயிர் வாழ்பவை. வெறுங்காற்றை இழுக்க விட்டால் அவை விரைவில் இறுகிவிடும். எண்ணெய் ஊட்டினால் அந்த எண்ணெய் ஹோசுக்குள்ளும் ரயருக்குள்ளும் போகும், அதைப் பிரிக்க இன்னொரு கருவி வேண்டும். ஏசியை இழந்து மே மாதத்தில் மன்னார் வீதியில் ஓடவும் மனமிருந்தால் முயலலாம்.

காற்றுத் தொட்டி ரயர் ஏற்றுவதற்குத் தேவையில்லை. வழுக்கும் இடத்தில் இரு பக்கச் சில்லுகளையும் ஒன்றாகச் சுற்றவைக்கும், காற்றால் இயங்கும் டிஃபரன்ஷல் லொக், காற்று ஹோர்ன் போன்றவை உள்ள வாகனத்துக்கும், ரிம்மை விட்டுக் கழன்ற ரயரை ஒரே வீச்சில் இருத்துவதற்கும் அது உதவும். வைப்பதாயின் அழுத்தத்துக்கெனச் செய்த தொட்டியையே வாங்கி, அடியில் நீர் வடிக்கும் திருகும், மேலே பாதுகாப்பு வால்வும், 110 இல் தொடங்கி 145 இல் நிறுத்துகின்ற அழுத்தச் சுவிச்சும் பூட்டுங்கள். வெற்றான ஏசி வாயு உருளையில் முனை ஒட்டித் தொட்டியாக்குகின்ற வழக்கம் சில வெல்டிங் பட்டறைகளில் இருக்கின்றது. அந்த உருளை ஒரு தடவை பாவித்து எறிவதற்காக மெல்லிய தகட்டில் செய்யப்பட்டது. உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடித்தால் அது வெடிக்கும் நாளை எவராலும் சொல்ல முடியாது.

எந்த இடத்தில் பொருத்துவது

இடத்தைத் தீர்மானிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்: பற்றரி எவ்வளவு தூரம், சூடு எவ்வளவு, தண்ணீர் எட்டுமா, காற்று வடிகட்டியைக் கழற்றக் கை போகுமா. நான்குக்கும் நல்ல பதில் தருகின்ற இடம் ஒரு வாகனத்திலும் இருப்பதில்லை.

பொனற்றுக்குள் பற்றரிக்குப் பக்கத்தில் இடமிருந்தால் வயர் குட்டையாக முடியும், தண்ணீரும் எளிதில் எட்டாது. சைலன்சர் தொடங்கும் பக்கமும் ரேர்போ இருக்கும் பக்கமும் ஆகாது; அவற்றுக்கு எதிர்ப்பக்கம், பற்றரித் தட்டுக்கு அருகே அல்லது மட்காட்டின் உட்புறத்தில் பார்க்கலாம். பொனற்றை மூடும்போது கொம்பிரசரின் தலை இடிக்குமா என்று அறிய, அதன் மேல் ஒரு உருண்டை களிமண்ணை வைத்து மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிப்பு 15 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால், எஞ்சின் ஆடும்போது இடிக்கும் என்று கொள்க.

சாரதி ஆசனத்தின் கீழ், அல்லது பின் ஆசனத்தின் பின்னால் பொருத்துவது புழுதிக்கும் தண்ணீருக்கும் சிறந்த பாதுகாப்பு. அங்கே குறை இரண்டு: வயர் நீளும், இரைச்சல் உள்ளே வரும். அடைத்த பெட்டிக்குள் வைப்பதாயின் இரு பக்கமும் காற்றுத் துளைகள் இல்லாமல் வைக்கக் கூடாது. தனது சூட்டைத் தானே இழுக்கின்ற கொம்பிரசர் வெப்பச் சுவிச்சில் நின்று நின்று ஓடும்.

பின் பெட்டியின் அடியில், செசிக்குப் பக்கத்தில் பொருத்துவதைப் பற்றி எனது சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் கொம்பிரசரை அந்த இடத்தில்தான் பூட்டுவித்தேன். பூட்டித் தந்தவர் அதைப் பின்சில்லுக்கு நேரே முன்னால் வைத்திருந்தார். வேலை நேர்த்தியாகவே இருந்தது, வெயில் காலம் முழுவதும் ஓடியது. மாரியில் ஒரு நாள் குளம் வான் பாய்ந்து வீதியை மூடியிருந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீருக்குள்ளால் கடந்து, அக்கரையில் காற்றை ஏற்றத் தொடங்கியபோது, சூடாக இருந்த சிலிண்டர் வடிகட்டி வழியே சேற்று நீரை இழுத்துக்கொண்டு ஒரு சத்தத்தோடு நின்றது. கழற்றிப் பார்த்தபோது பிஸ்ரன் வளையம் மாவாகியிருந்தது. அடியில் வைத்தே ஆக வேண்டுமாயின், காற்று உறிஞ்சும் முனையிலிருந்து ஒரு குழாயை மேலே கொண்டு வந்து, வடிகட்டியை எஞ்சினின் காற்று வடிகட்டிப் பெட்டி உள்ள உயரத்திலோ ஆசனத்தின் பின்னாலோ பொருத்துங்கள். மோட்டாரின் மூட்டுகளுக்குள் புகும் தண்ணீரை இதுவும் தடுக்காது என்பதை மறக்க வேண்டாம்.

தாங்கித் தகட்டுக்கு 3 மில்லிமீற்றருக்குக் குறையாத இரும்பு வேண்டும். இரட்டை மோட்டார் வகைக்கு 4 நல்லது, நீண்டு நிற்கும் பக்கத்துக்கு ஒரு முட்டும் கொடுங்கள். இரண்டு மில்லிமீற்றர்த் தகடு முதலில் உறுதியாகத்தான் தெரியும். துணுக்காய்ப் பக்கத்துக் கிரவல் வீதியில் ஒரு மாதம் ஓடிய பின் வளைவின் உட்புறத்தில் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். தகட்டை அட்டையில் வெட்டி, இடத்தில் பிடித்துப் பார்த்து, அதன்பிறகே இரும்பில் வெட்டுங்கள். கொம்பிரசரோடு வருகின்ற றப்பர்க் கால்களை அலட்சியம் செய்து நேரே போல்ட் இறுக்கக் கூடாது. நட்டுகள் யாவும் உள்ளே நைலோன் வளையம் உள்ளவையாக இருக்கட்டும். செசியின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடக் கூடாது; பாரம் அங்கேதான் இழுபடுகின்றது. வாகனத்தில் முன்பே இருக்கின்ற துளைகளைத் தேடுங்கள், எப்படியும் இரண்டு அகப்படும். எந்த இடத்தில் துளைத்தாலும் மறுபக்கத்தில் பிரேக் குழாயோ வயர்க் கட்டோ இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தபின்பே துளையுங்கள். வெட்டிய விளிம்புக்கு அன்றைக்கே பூச்சு அடியுங்கள். முல்லைத்தீவின் உப்புக்காற்று மறுநாள் வரை காத்திருப்பதில்லை.

வயர்

சிகரெட் லைற்றர்த் துளையில் செருகி ஓடும் கொம்பிரசர் சைக்கிளுக்கும் காருக்கும் உரியது. அந்தத் துளையின் பியூஸ் பொதுவாக 15 அல்லது 20 அம்பியர். நாம் பேசுகின்ற இயந்திரங்கள் 30 அம்பியரும், இரட்டை மோட்டார் வகை அதற்கு இரு மடங்கும் இழுக்கும். எனவே வயர் நேரே பற்றரியிலிருந்து வர வேண்டும். வாகனம் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதை, குறிப்பாகப் பழைய லொறிகளில், முதலில் உறுதி செய்யுங்கள்.

வயரின் தடிப்பைக் கணக்கிட்டே வாங்க வேண்டும். செம்பு வயரில், ஒரு சதுர மில்லிமீற்றர்ப் பரப்புக்கு, ஒவ்வொரு மீற்றரிலும் உள்ள தடை 0.0175 ஓம். பற்றரியிலிருந்து கொம்பிரசர் 3 மீற்றர் தூரத்தில் இருந்தால், போக வர 6 மீற்றர். 30 அம்பியர் ஓடும்போது 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 1.26 வோல்ட் வழியிலேயே தொலையும்; 6 சதுர மில்லிமீற்றரில் 0.53 வோல்ட், 10 இல் 0.32 வோல்ட் மட்டுமே. முதலாவது வயர் பத்தில் ஒரு பங்கு மின்னழுத்தத்தைத் தின்றுவிட்டுத் தானும் சூடாகின்றது. மோட்டார் மெதுவாகச் சுற்றி, அதே வேலைக்குக் கூடுதல் நேரம் ஓடி, அதுவும் சூடாகின்றது. "கொம்பிரசருக்கு இழுவை இல்லை" என்று கொண்டு வருகின்ற வாகனங்களில் நான் முதலில் பார்ப்பது வயரைத்தான். ஒற்றை மோட்டாருக்கு 6 உம், இரட்டை மோட்டாருக்கு 16 உம் என்று வைத்துக்கொண்டால் பிழையாகாது.

கடையில் தடிப்பான வயர் என்று எடுத்துத் தருவது, உறை தடித்ததாகவும் உள்ளே செம்பு மெலிந்ததாகவும் இருக்கலாம். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரும் உண்டு. அது செம்பு கடத்துவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே கடத்தும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அப்படித் தெரிந்தால் வேறு கடைக்குப் போகலாம்.

பியூஸ் பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பியூஸ் காப்பது கொம்பிரசரை அல்ல, வயரை. பியூசுக்கு முன்னால் உள்ள வயர் எங்கேனும் உரசி வாகனத்தின் உடம்பில் தொட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. 30 அம்பியர் இயந்திரத்துக்கு 40 அம்பியர் பியூஸ் போதும். சுவிச் வழியே இந்த மின்னோட்டத்தைக் கொண்டு போகாமல், சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடுகின்ற ரிலே பூட்டுங்கள்; அதன் கால்களில் எண்கள் இருக்கும்: 30 என்ற காலுக்குப் பியூசிலிருந்து வரும் வயர், 87 இலிருந்து கொம்பிரசர், 85 உம் 86 உம் சுவிச்சுக்கும் உடம்புக்கும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 40 அம்பியர் ரிலே 10 நிமிடம் தொடர்ந்து 30 அம்பியர் சுமந்தால் கை வைக்க முடியாதபடி சூடாகும் என்பதால், 70 அல்லது 80 அம்பியர் ரிலேயைப் பரிந்துரைக்கிறேன். சுவிச்சுக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் வருகின்ற வயரிலிருந்து எடுத்தால், மறந்து போன கொம்பிரசர் இரவில் பற்றரியைக் குடிக்காது. எதிர்முனையை உடம்பில் முடிக்காமல், தனி வயராகப் பற்றரிக்கே கொண்டு போங்கள். துருவேறிய உடம்பு நல்ல வயர் அல்ல. 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை நாட்டுக்குள் தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் இங்கே ஓடுகின்ற வாகனங்களில் பலவும் வயதானவை என்பதையும், எஞ்சினால் சுற்றி மின்சாரம் தருகின்ற அவற்றின் ஒல்ரனேற்றர்கள் களைத்திருக்கலாம் என்பதையும் கணக்கில் எடுங்கள். எஞ்சினைச் சற்று விரைவாக ஓடவிட்டு, கொம்பிரசரையும் முன் விளக்கையும் போட்டு, பற்றரி முனைகளில் அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் ஒல்ரனேற்றரைப் பார்ப்பிக்க வேண்டும்.

ஹோசும் இணைப்புகளும்

காற்றை அழுத்தும்போது அது சூடாகின்றது. 30 பாகைக் காற்றை, சூடு வெளியேற வழியில்லாமல் 30 பி.எஸ்.ஐ. க்கு அழுத்தினாலே அது 140 பாகையை நெருங்கும் என்பது பௌதிகம். சிலிண்டர் தலை இதில் ஒரு பங்கை வெளியே விட்டாலும், தலையிலிருந்து புறப்படும் முதல் அரை மீற்றரில் சாதாரண பிளாஸ்ரிக் குழாய் நிலைக்காது. பொலியூரத்தேன் சுருள் ஹோசுகள் பொதுவாக 60 பாகைக்கு மேல் இளகத் தொடங்குகின்றன. ஆகவே முதல் துண்டுக்கு உள்ளே ரெஃப்லோனும் வெளியே துருப்பிடிக்காத கம்பிப் பின்னலும் உள்ள ஹோசைப் பூட்டுங்கள். தொட்டி வைத்திருந்தால், காற்றுத் திரும்பி வராமல் தடுக்கும் வால்வை இந்தத் துண்டின் தொட்டிப் பக்க முனையில் வையுங்கள். தலையோடு ஒட்டி வைத்தால் அதன் உள்ளே இருக்கும் றப்பர் வேகும். காற்று அதன் பிறகு ஆறிவிடும் என்பதால், லொறிப் பிரேக்குக்குப் பாவிக்கும் நைலோன் குழாயைக் கொண்டு முன் பம்பருக்கோ பின் பெட்டியின் ஓரத்துக்கோ கொண்டு செல்லலாம். சைலன்சரிலிருந்து ஒரு சாணேனும் விலகி ஓட வேண்டும். தகடு ஊடாகப் போகும் துளைகளில் றப்பர் வளையம் போட வேண்டும்.

கையில் பிடித்துச் சில்லுக்குக் கொண்டு போகின்ற ஹோசுக்கு நீளத்தை வாகனத்தில் கயிறு பிடித்து அளந்து தீர்மானியுங்கள். இணைப்பு முன்பக்கம் இருந்தால், கப் ரக வாகனத்தின் எதிர்ப்பக்கப் பின்சில்லு வரை, மூலையைச் சுற்றி, 6 மீற்றருக்குக் குறையாமல் வேண்டும். 8 இருந்தால் பக்கத்தில் நிற்கும் உழவு இயந்திரப் பெட்டியின் சில்லுக்கும் எட்டும், வயற்காலத்தில் அந்தத் தேவை வராமல் போகாது. சுருள் ஹோசின் பெட்டியில் எழுதியிருப்பது அதை நீட்டிப் பிடித்த நீளம். வேலைக்குக் கிடைப்பது அதில் முக்கால் பங்கு. தவிர, இழுபட்டுத் திரும்பும் சுருள் மணலை அள்ளி வாரி வால்வுக்குள் கொண்டு வரும். எனது தெரிவு, 8 மில்லிமீற்றர் உட்துளையுள்ள, நெகிழ்வான றப்பர்க் கலவை ஹோஸ். அது வெயிலில் கிடந்தாலும் முறுக்கேறாது. 200 பி.எஸ்.ஐ. வேலை அழுத்தமும் அதன் மூன்று மடங்கில் வெடிப்பு அழுத்தமும் உறையில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயும் பெற்றோல் குழாயும் இந்த வேலைக்கு ஆகா.

இணைப்புகளின் திருகுப் புரிகளில் ஒரு பொறி உண்டு. கால் அங்குலம் என்று இரண்டு வகைகள் கிடைக்கின்றன: நமது தண்ணீர்க் குழாய்க் கடைகளில் கிடைக்கும் பிரித்தானியப் புரி, அங்குலத்துக்கு 19 வரிகளும் 55 பாகைக் கோணமும் கொண்டது, அமெரிக்கக் கொம்பிரசர்களில் வருவது அங்குலத்துக்கு 18 வரிகளும் 60 பாகைக் கோணமும் கொண்டது. ஒன்றில் மற்றது இரண்டு சுற்றுப் போய், பொருந்திவிட்டது போல் இறுகும்; பிறகு என்ன ரேப் சுற்றினாலும் கசியும், கூடுதலாக இறுக்கினால் அலுமினியத் தலை பிளக்கும். கையால் நான்கு சுற்றுப் போகாத இணைப்பைச் சாவி கொண்டு இறுக்காதீர்கள். ரெஃப்லோன் ரேப்பைப் புரியின் திசையிலேயே, முதல் வரியை விட்டு, மூன்று சுற்றுச் சுற்றுங்கள். முன்வரியில் சுற்றிய ரேப்பின் துண்டு பிய்ந்து வால்வில் போய் அடைக்கும். இணைப்புகள் பித்தளையில் இருந்தால் உப்பு நீருக்குத் தாங்கும்.

தட்டினால் பூட்டுகின்ற விரைவு இணைப்புகளில் பல வகைகள் இருக்கின்றன, ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. நீங்கள் வழமையாகப் போகின்ற ரயர் கடை எந்த வகையைப் பாவிக்கின்றதோ அதையே வாங்குங்கள். உங்கள் ஹோஸ் பிளந்த நாளில் அவர்களுடையதை இரவல் வாங்கலாம். வாகனத்தில் நிலையாக நிற்கும் பெண் இணைப்புக்கு றப்பர் மூடி வேண்டும். சோளகம் அடிக்கின்ற காலத்தில் முழங்காவிலின் செம்மண் புழுதி மூடியில்லாத இணைப்பை ஒரு வாரத்தில் இறுக வைத்துவிடும்.

ரயர் முனைக்கு, நெம்பி விட்டால் தானே பிடித்து நிற்கும் கிளிப் வகை வசதியானது. காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது கேஜ் காட்டுவது ரயரின் அழுத்தம் அன்று. ஹோசுக்குள் உள்ள அழுத்தம், அது எப்போதும் கூடுதலாகவே இருக்கும். விசையை விட்டு ஓட்டத்தை நிறுத்திய பின் முள் எங்கே நிற்கின்றதோ அதுவே கணக்கு. 35 காட்டுகின்றது என்று நிறுத்தியவர் 29 உடன் வீடு போய்ச் சேர்வது இதனால்தான். ரயர் ஏறும்போது பக்கச்சுவருக்கு நேரே குந்தியிருக்காமல், நடைமிதி உள்ள பக்கமாக விலகி நில்லுங்கள். பழைய லான்ட் ரோவரிலோ லொறியிலோ வளையம் பிரிகின்ற ரிம் இருந்தால், அதை இந்த ஹோசால் ஏற்றாமல் இரும்புக் கூடு வைத்திருக்கும் கடைக்குக் கொண்டு போங்கள். ரிம்மை விட்டுக் கழன்ற ரயரைப் பெற்றோல் தெளித்து நெருப்பு வைத்து இருத்துகின்ற வித்தையைக் கண்டவர்கள் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

சோதனையும் பராமரிப்பும்

எல்லாம் பூட்டியபின், ரயர் முனையை மூடிவைத்து, குழாய்களுக்கும் ஹோசுக்கும் உள்ளே அழுத்தத்தை 100 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி நிறுத்துங்கள். சவர்க்கார நீரை ஒவ்வொரு இணைப்பிலும் பூசினால் கசிவு குமிழியிடும். அரை மணி நேரத்தில் முள் 5 பி.எஸ்.ஐ. க்கு மேல் இறங்கினால் தேடல் முடியவில்லை என்று பொருள். அடுத்து நான்கு ரயர்களையும் 18 க்கு இறக்கி 32 க்கு ஏற்றி, முடிந்தவுடன் வயர், பியூஸ் கூடு, ரிலே, பற்றரி முனை ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை பின்வாங்கும் சூடு எங்கே உண்டோ அங்கே வயரின் முனை அதன் உலோகக் கவ்விக்குள் சரியாக நெரிக்கப்படவில்லை. அதை வெட்டி மறுபடி நெரியுங்கள். கிரவலில் 100 கிலோமீற்றர் ஓடியபின் போல்ட் எல்லாவற்றையும் ஒரு தடவை சாவி வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றேனும் அசையும்.

காற்று வடிகட்டியைப் புழுதிக் காலத்தில் மாதம் ஒரு தடவை கழற்றுங்கள். பஞ்சு வகையாயின் சவர்க்காரத்தில் கழுவி நிழலில் உலர்த்தலாம். கடதாசி வகையாயின் மாற்றுவதே நல்லது. தொட்டி இருந்தால் மாரியில் ஒவ்வொரு கிழமையும் அடித்திருகைத் திறந்து நீரை வடியுங்கள். வாடைக்காற்றோடு வருகின்ற ஈரத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் வருவது வியப்பன்று. எண்ணெயில்லாமல் ஓடுமாறு செய்த கொம்பிரசருக்கு அன்பின் மிகுதியால் எண்ணெய் விடாதீர்கள்; பிஸ்ரன் வளையத்தில் அது புழுதியோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். கொக்கிளாய்ப் பக்கம் கடற்கரையில் ஓடி வந்த அன்று மாலையே ஹோசை நல்ல தண்ணீரில் கழுவி, இணைப்புகளுக்குள் காற்றடித்து மணலை ஊதி, மூடிகளைப் போட்டுச் சுருட்டி, ஒரு துணிப்பைக்குள் வையுங்கள். பையோடு நான்கு வால்வு உள்முனைகள், அதைக் கழற்றும் சாவி, ரெஃப்லோன் ரேப், ஒரு உபரிப் பியூஸ், தனியாக ஒரு கைக்கேஜ் ஆகியவையும் இருக்கட்டும். ஹோசோடு வந்த கேஜைக் கைக்கேஜோடு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பிட்டு, வேறுபாடு எவ்வளவோ அதை ஹோசின் பிடியில் அழியாத மையால் எழுதி வையுங்கள்.